பெட்ரோவுக்குள் ஒரு பாறை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் கவனித்திருப்பீர்கள். பெரிய கிரானைட் பாளத்தைச் சுமந்துகொண்டு ஒரு லாரி உறுமிக்கொண்டே போகும். அந்தக் கல்லை இழுப்பதும் கல்லின் பெயர் கொண்ட ஒன்றுதான் என்றால் நம்புவீர்களா?

லாரி குடிக்கும் டீசல், பெட்ரோலியத்திலிருந்து வருவது. கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் பாறை. லத்தீனில் 'ஓலியம்' என்றால் எண்ணெய். ஆக, பெட்ரோலியம் என்றால் பாறை எண்ணெய்! ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா 1546-லேயே தன் நூலில் இந்த வார்த்தையைப் போட்டிருக்கிறார். 1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் கிணறு தோண்டி எடுத்த எண்ணெயையும் 'ராக் ஆயில்' என்றுதான் சொன்னார்கள்.

அப்புறம் எண்ணெயில் பணம் புரள ஆரம்பித்ததா, 'பெட்ரோ' என்ற முன்னொட்டிலிருந்த பாறை மறந்தே போச்சு! பெட்ரோகெமிக்கல், பெட்ரோடாலர் எல்லாவற்றிலும் அதற்கு எண்ணெய் என்றே அர்த்தம். பாறைகளை ஆராயும் 'பெட்ராலஜி' பழைய பொருளை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கிருஷ்ணகிரி கிரானைட்டை எத்தனை பிழிந்தாலும் சொட்டு எண்ணெய் வராது. எண்ணெய் ஊறுவது வேறு வகைப் பாறைகளில். ஆனால் இரண்டுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. உருவாக மிக நீண்ட காலம். எடுத்துவிட்டால் மறுபடி முளைக்காது.

'கிரி' என்றால் மலை. பெட்ரோவுக்குள் பாறை தொலைந்த மாதிரி, கிருஷ்ணகிரியிலும் மலை பெயரில் மட்டும் மிஞ்சிவிடக் கூடாது, இல்லையா?