நிறுத்தற் பட்டியலும் கண்காணிப்புப் பட்டியலும்: கட்டுநாயக்கவில் தமிழர் எதிர்கொள்ளும் சோதனை

நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கினால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வாடகை ஏறிவிடும். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருபவர்கள் ஓரிரு நாள் அங்கே தங்கி, காலி வீதியில் தேவையானதை வாங்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் புறப்படுவார்கள். அவர்கள் வருவதற்கு முன்னரே தொலைபேசியில் ஒரு கேள்வி வந்துவிடும்: "எயார்போர்ட்டில ஏதும் பிரச்சினை வருமோ?" போர் முடிந்து ஒன்றரை தசாப்தம் கடந்தும் இந்தக் கேள்வி ஓயவில்லை. அதற்குச் சொல்லப்படும் பதில்களில் பாதி வதந்தி, மீதி யாரோ ஒருவரின் அனுபவம். ஆவணங்களில் உள்ளது என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

கொழும்புத் தமிழருக்கு எல்லைச் சோதனை என்பது விமான நிலைய வாசலில் மட்டும் இருந்ததில்லை. போர்க்காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்களில் பலர் கடவுச்சீட்டுக்கோ, விசாவுக்கோ, வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பும் ஸ்பொன்சர் கடிதத்துக்கோ காத்திருந்தவர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை பொலிஸார் அந்த லொட்ஜ்களுக்குள் நுழைந்து 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். தங்கியிருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் 2008 செப்ரெம்பரில், முந்தைய 5 ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்தில் தங்கியிருப்போர் பொலிஸில் பதிய வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. அப்படித் திரட்டப்பட்ட விபரங்கள் பின்னர் என்னவாயின என்று எவரும் கணக்குக் காட்டவில்லை. இன்றைய அச்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

விமான நிலையத்தில் பாவிக்கப்படும் பட்டியல்கள் பற்றிய தெளிவான விவரணம் பிரித்தானிய நீதிமன்ற ஆவணங்களில் கிடைக்கிறது. புகலிடக் கோரிக்கைகளை விசாரிக்கும் அந்நாட்டு மேல் தீர்ப்பாயம் 2013 ஜூலையிலும் 2021 மே மாதத்திலும் இலங்கை குறித்து இரண்டு வழிகாட்டித் தீர்ப்புகளை வழங்கியது. அவற்றின்படி பட்டியல்கள் இரண்டு. முதலாவது நிறுத்தற் பட்டியல். நீதிமன்றக் கட்டளையோ, பிடியாணையோ, கடவுச்சீட்டை முடக்கும் உத்தரவோ உள்ளவர்களின் பெயர்கள் இதில் இருக்கும். இவர்கள் விமான நிலையத்திலேயே தடுத்து வைக்கப்படக்கூடும். இரண்டாவது கண்காணிப்புப் பட்டியல். இதில் உள்ளவர் விமான நிலையத்தைக் கடந்து போய்விடலாம். சிக்கல் அதற்குப் பின்னர்தான். சிலர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் கைதாகும் அளவுக்கு அரசின் கவனத்தில் இருப்பவர்கள். மற்றவர்கள் கண்காணிக்கப்பட மட்டும் செய்வார்கள். "நான் ஒரு பிரச்சினையும் இல்லாமல் வெளியே வந்தேன்" என்று ஒருவர் சொல்வதை வைத்து மற்றவர் முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

எந்த ஆவணத்தில் பயணம் செய்கிறோம் என்பதும் முக்கியம். செல்லுபடியாகும் கடவுச்சீட்டு உள்ளவர், இரு பட்டியல்களிலும் இல்லாதபட்சத்தில் வழமையான சோதனையுடன் போய்விடுவார். புகலிடம் மறுக்கப்பட்டுத் தற்காலிகப் பயண ஆவணத்தில் திருப்பி அனுப்பப்படுபவரின் நிலை வேறு. அந்த ஆவணத்தைப் பெறத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகவேண்டும். குடும்பம், கடந்தகாலம், அங்கே செய்த வேலைகள் எல்லாம் கேட்கப்படும். வந்திறங்கியதும் மீண்டும் விசாரணை.

இவற்றோடு பலரும் குழப்பிக்கொள்வது வர்த்தமானிப் பட்டியலை. அது வேறு. 1968ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க ஐக்கிய நாடுகள் சட்டத்தின் கீழ் 2012இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், அமைப்புகளையும் நபர்களையும் பெயர் குறிப்பிட்டு அவர்களின் சொத்துகளை முடக்க இடமளிக்கின்றன. 2014 மார்ச் 21 திகதியிட்ட வர்த்தமானியில் 16 அமைப்புகளும் 424 நபர்களும் இருந்தனர். 2015 நவம்பரில் அது 8 அமைப்புகளாகவும் 155 நபர்களாகவும் குறைந்தது. 2021 பெப்ரவரியில் 7 அமைப்புகளும் 388 நபர்களும் மீண்டும் சேர்க்கப்பட்டனர். 2022 ஓகஸ்டில், நாடு டொலருக்குத் தவித்துக்கொண்டிருந்த வேளையில், 6 அமைப்புகளும் 316 நபர்களும் நீக்கப்பட்டனர். உலகத் தமிழர் பேரவை, பிரித்தானியத் தமிழர் பேரவை, கனடியத் தமிழர் பேரவை ஆகியவை அவற்றுள் அடங்கும். 2025இல் வந்த பட்டியலில் 15 அமைப்புகளும் 217 நபர்களும் உள்ளனர். ஆட்சியின் தேவைக்கேற்ப எண்ணிக்கை ஏறி இறங்குவதை இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் காட்டாது. ஆனால் இந்தப் பட்டியலுக்கு ஒரு நன்மை உண்டு: அது பகிரங்கமானது. பெயர் இருக்கிறதா என்று எவரும் பார்க்கலாம். நீக்குமாறு பாதுகாப்பு அமைச்சின் செயலாளருக்கு விண்ணப்பிக்கலாம். நிறுத்தற் பட்டியலிலும் கண்காணிப்புப் பட்டியலிலும் அந்த வசதி இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டமும் தேசிய பாதுகாப்பு என்ற விதிவிலக்கின் முன் நின்றுவிடுகிறது.

பெயர் ஒற்றுமை தமிழருக்கென்றே உள்ள தனித் தொல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரே முன்னால் நிற்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அது குடும்பப் பெயராகிவிடும், திருமணமான பெண்ணுக்குக் கணவன் பெயர் அந்த இடத்துக்கு வரும். ஒரே சிவகுமார் ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதப்படுகிறான். பிறந்த சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கனடியக் கடவுச்சீட்டில் மூன்றாவது. கணினி பெயரோடு பிறந்த திகதியையும் பிறந்த இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, வேறொருவருக்கு விரித்த வலையில் அகப்படுவது கடினமல்ல. கனடாவில் இதே தொல்லைக்கு ஆளான குடும்பங்கள், பெயர் ஒத்துப்போன சிறு பிள்ளைகள் கூட விமானம் ஏற முடியாமல் தவித்ததைச் சொல்லிப் போராடின. விளைவாக 2020 நவம்பர் முதல் கனடியப் பயண இலக்கம் வழங்கப்படுகிறது. அமெரிக்காவிலும் முறையிட்டு ஓர் இலக்கம் பெறும் முறை 2007 முதல் உண்டு. இலங்கையில் அப்படியொன்று பயணிக்கு வழங்கப்படுவதில்லை.

வட அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் சிலர் தங்களிடம் நெக்சஸ் அல்லது குளோபல் என்ட்ரி அட்டை இருப்பதாகச் சொல்வார்கள். நம்பகமான பயணி என்று ஓர் அரசு முன்கூட்டியே சோதித்துக் கொடுக்கும் சலுகை அது. கட்டுநாயக்கவில் அதற்குப் பெறுமதி இல்லை. அங்கேயும் அது உரிமையல்ல. 2020 பெப்ரவரியில் நியூயோர்க் மாநிலம் சாரதி அனுமதிப்பத்திரத் தரவுகளைப் பகிர மறுத்தது என்பதற்காக அம்மாநில வாசிகள் அனைவரையும் இத்திட்டத்திலிருந்து அமெரிக்க அரசு விலக்கியது. ஜூலையில் அந்தத் தடையைத் திரும்பப் பெற்றபோது, நீதிமன்றத்துக்குத் தாங்கள் கொடுத்த தகவல்கள் சரியானவையல்ல என்பதையும் அரச தரப்பே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

எங்கள் தரவு யார் கையில் என்ற கேள்வி இங்கும் எழுந்தது. 2024 ஏப்ரலில் இணையவழி விசா நடைமுறை வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. எம்.ஏ. சுமந்திரன், பாட்டலி சம்பிக்க ரணவக்க, ரவூப் ஹக்கீம் உள்ளிட்டோரின் மனுக்களை ஏற்று ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. கட்டளையை நடைமுறைப்படுத்தாத குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்ரெம்பரில் விளக்கமறியலுக்குப் போனார்.

பலாலியில் நடந்ததையும் சொல்லவேண்டும். 2025 மே மாதம், தமிழகத்தில் பல காலம் அகதியாக இருந்த முதியவர் ஒருவர் ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியுடன் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையத்தில் வந்திறங்கியபோது கைது செய்யப்பட்டார். குற்றம், அன்று கடவுச்சீட்டின்றி அனுமதிக்கப்படாத வழியாக நாட்டை விட்டுப் போனது. குண்டுக்குத் தப்பி வள்ளமேறியவனிடம் குடியகல்வு முத்திரை கேட்பது போன்றது இது. எதிர்ப்பு எழுந்தபின் அவர் விடுவிக்கப்பட்டார்.

சட்டத்தில் பிடிமானம் எவ்வளவு? அரசியலமைப்பின் 14(1) எனப்படும் ஏற்பாடு நாட்டுக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தைப் பிரஜைகளுக்கு மட்டுமே தருகிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருபவரின் நுழைவைத் தீர்மானிப்பவர் குடிவரவு அதிகாரியே. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் இலங்கைக் கடவுச்சீட்டில் நுழைந்தால் அந்தச் சுதந்திரம் கிடைக்கும். ஆனால் கைதானால் மற்ற நாட்டுத் தூதரகத்தின் உதவி சுருங்கிவிடும். இரண்டில் எது தனக்குப் பொருந்தும் என்பதைப் பயணச்சீட்டு எடுக்குமுன் யோசிப்பது நல்லது.

தனி அறைக்கு அழைக்கப்பட்டால், கேட்பவர் குடிவரவு அதிகாரியா, பொலிஸாரா, புலனாய்வுத்துறையா என்று முதலில் கேளுங்கள். விசாரணை வேறு, கைது வேறு. கைது என்றால் காரணம் சொல்லப்பட வேண்டும். சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம். அமைச்சரின் தடுப்புக்காவல் உத்தரவு இருந்தால் 2022 திருத்தத்தின் பின்னரும் 12 மாதம் வரை நீளலாம். இச்சட்டத்தின் கீழான கைதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது கட்டாயம். ஆகவே வெளியே காத்திருப்பவர் செய்யவேண்டிய முதல் வேலை 1996 என்ற ஆணைக்குழுவின் இலக்கத்துக்கு அழைத்து, வந்தவரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், விமான இலக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்வது. அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது.