மருத்துவர் முன்னால் இரண்டு சிறுவர்கள்

அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லரோ 2003இல் வெளியிட்ட ‘அன்ஈக்குவல் சைல்ட்ஹுட்ஸ்’ நூலில், புனைபெயர்களில் வரும் இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அலெக்சாண்டரின் அப்பா வழக்கறிஞர். அம்மா பெரிய நிறுவனத்தில் மேலாளர். மற்றவன் ஹரால்ட், அரசுக் குடியிருப்பில், உதவித்தொகையை நம்பி வாழும் அம்மாவிடம் வளர்கிறான்.

மருத்துவரிடம் போகும்போது காரிலேயே அலெக்சாண்டரைத் தயார்ப்படுத்துகிறார் அம்மா: என்ன கேட்க வேண்டுமோ யோசித்து வை, கூச்சப்படாதே. அவனும் கேட்கிறான். பத்து வயதுப் பையன்களில் நீ உயரமானவன் என்று மருத்துவர் விளக்கினால், எனக்கு இன்னும் பத்து ஆகவில்லையே என்று குறுக்கிடுகிறான். வீட்டில் பெரியவர்களோடு வாதாடிப் பழகிய பிள்ளை. ஹரால்டின் அம்மா வீட்டில் கலகலவென்று பேசுபவர். மருத்துவர் முன்னால் அவர் குரல் தணிந்துவிடுகிறது; கேட்டதற்கு மட்டும் ஓரிரு சொற்களில் பதில் வருகிறது.

இதைப் பார்த்து ஒரு தாய்க்கு அக்கறை அதிகம், இன்னொருவருக்குக் குறைவு என்று சொல்வது பெரிய அநியாயம். கையில் காசில்லாமல், ஆபத்தான தெருவில், பிள்ளைக்குச் சோறு போட்டு, துணி துவைத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்வது நாள் முழுக்க நீளும் உழைப்பு. ஹரால்டைச் சுற்றி எப்போதும் உறவுக்காரப் பிள்ளைகள். விளையாட்டை அவர்களே வகுத்துக்கொள்கிறார்கள். பெரியவர் சொன்னால் எதிர்த்துப் பேசுவதில்லை. அலெக்சாண்டர் வீட்டிலோ பயிற்சி வகுப்புகளின் நேரப்படிதான் குடும்பமே ஓடுகிறது. லரோ பார்த்த நடுத்தர வர்க்க வீடுகளில்தான் உடன்பிறந்தோர் சண்டையும் ‘போரடிக்குது’ என்ற முனகலும் அதிகம். பாசத்தை வைத்து அளந்தால் ஹரால்டின் வீட்டுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் பள்ளியும் மருத்துவமனையும் மதிப்பது வாதாடும் பிள்ளையைத்தான்.

ஏழைப் பெற்றோரின் மௌனத்துக்கு அச்சமும் ஒரு காரணம். பிள்ளையை ஓர் அடி அடித்தது தெரிந்தால் குழந்தைகள் நல அதிகாரிகள் வீட்டுக்கு வரலாம், பிள்ளையையே பிரித்துவிடலாம் என்ற பயத்தோடு ஆசிரியரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? அலெக்சாண்டரின் பெற்றோருக்கு வேறு கவலை: மகன் போகும் இடத்தில் அவன் ஒருவன் மட்டுமே கறுப்பினப் பிள்ளையாக நிற்கக் கூடாது. நிறவெறியை அவர்களும் அறிவார்கள். அதை எதிர்த்துக் கேட்கும் தெம்பைப் படிப்பும் பதவியும் தந்திருந்தன.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு லரோ மறுபடியும் போய்ப் பார்த்தார். அந்தப் பகுதி 2011 பதிப்பில் சேர்ந்தது. நடுத்தர வர்க்கப் பெற்றோர் கல்லூரி விண்ணப்பம் வரை கூடவே நின்றிருந்தார்கள். அலெக்சாண்டர் பல்கலைக்கழகம் போனான், ஹரால்ட் போகவில்லை. தொழிலாளர், ஏழை வீட்டுப் பெற்றோரோ படிப்பு விஷயம் படித்த ஆசிரியர்களுக்குத்தான் தெரியும் என்று நம்பி அவர்களிடம் விட்டிருந்தார்கள்.