ஃபின்னேரும் பக்கத்து வீட்டு வானமும்

இன்று பின்லாந்து நாட்டு விமான நிறுவனமான ஃபின்னேரின் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை. வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுங்கள். ஒரு நூலின் ஒரு முனையை ஹெல்சிங்கியிலும் மறுமுனையை டோக்கியோவிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் பெரும்பகுதியும் ரஷ்யாவின் மேலேயே போகும். சுவரில் தொங்கும் வரைபடத்தில் இது புரியாது, உருண்டையில்தான் புரியும். இந்த நூல்தான் ஃபின்னேரின் அதிர்ஷ்டம். அதற்கு வந்த கண்டமும் இதுவேதான்.

1923-இல் புருனோ லுகாண்டர் என்பவர் 'ஏரோ' என்ற பெயரில் இதைத் தொடங்கினார். 1924 மார்ச் 20 அன்று முதல் விமானம் 162 கிலோ தபாலுடன் ஹெல்சிங்கியிலிருந்து கடல் தாண்டி எஸ்தோனியாவின் தாலின் நகருக்குப் பறந்தது. அன்று அங்கே விமான நிலையமே கிடையாது. கோடையில் மிதவை கட்டித் தண்ணீரில் இறங்குவார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டை கட்டி, உறைந்த கடல்மேல் இறங்குவார்கள்.

1940 ஜூன் 14. போர் நிறுத்தம் நடப்பில் இருந்த காலம். தாலினிலிருந்து ஹெல்சிங்கிக்குக் கிளம்பிய 'கலேவா' என்ற பயணிகள் விமானத்தை சோவியத் போர்விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அதில் இருந்த 9 பேரும் மாண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதை நிறுவனம் அன்றே கண்டுகொண்டது.

ஆனாலும் பக்கத்து வீட்டை மாற்ற முடியுமா? 1950-களில் மாஸ்கோவுக்கே சேவை தொடங்கினார்கள். 1969-இல் நியூயார்க் சேவை வந்தது. அந்த விமானத்தில் தபியோ விர்க்கலா வடிவமைத்த, உருகும் பனிக்கட்டி போன்ற கண்ணாடிக் குவளைகளில் பானம் கொடுத்தார்கள். அந்தக் குவளை இன்றும் பின்லாந்து வீடுகளில் புழங்குகிறது. இப்போது விமானத்தில் ஏறினால் அவர்கள் ஊர் புளூபெர்ரி சாறு கிடைக்கும்.

ஜப்பானுக்குப் போக சோவியத் வானம் தாராளமாகத் திறக்காத காலத்தில், பல ஐரோப்பிய விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. ஃபின்னேர் 1983-இல் வேறு வழி கண்டது. டிசி-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்து, வடதுருவத்தைச் சுற்றி, எங்கும் நிற்காமல் சுமார் 13 மணி நேரத்தில் டோக்கியோ!

பிறகு சைபீரிய வானம் திறந்தது. பயணம் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் ஆசியா போய்த் திரும்ப முடிந்தது. ஐரோப்பியப் பயணிகள் ஹெல்சிங்கியில் விமானம் மாறி ஆசியா போனார்கள். சுமார் 55 லட்சம் மக்கள்தொகை உள்ள நாடு இப்படித்தான் பெரிய நாடுகளோடு போட்டி போட்டது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். ஐரோப்பா தன் வானத்தை ரஷ்யாவுக்கு மூடியது, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. மார்ச்சில் ஃபின்னேர் பழைய துருவ வழிக்கே திரும்பியது. மறுபடியும் 13 மணி நேரம்! பயணிகளுக்குத் துருவம் கடந்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஆனால் சான்றிதழால் எரிபொருள் செலவு குறையுமா? சில விமானங்களை, பணியாளர்களோடு சேர்த்து, வேறு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டுத்தான் சமாளித்தார்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. 'ஃபின்னேர் பிளஸ்' என்று அடிக்கடி பறப்போருக்கான புள்ளித் திட்டம் வைத்திருக்கிறார்கள். 2024 முதல் அதில் 'ஏவியாஸ்' புள்ளிகள், அதுவும் கொடுத்த பணத்தைப் பொறுத்தே. ஆக, எவ்வளவு தூரம் சுற்றிப் போனாலும், சுற்றியதற்காக ஒரு புள்ளியும் கூடாது.

நல்ல விமானமும் நல்ல உபசரிப்பும் மட்டும் போதாது, வானமும் வேண்டும். அந்த வானத்தின் சாவி பக்கத்து வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நூறாண்டுக் கதை சாட்சி.

பேரப்பிள்ளைகளிடம் நூலையும் உருண்டையையும் கொடுத்து, அந்த இரண்டு வழிகளையும் அளக்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.