டர்போ கார்களில் மலிவு விலைப் புகைக்குழாய் மாற்றம்

டர்போ பொருத்திய பெட்ரோல் காரில், கம்பெனி கொடுத்த புகைக்குழாயின் ஒரு பகுதியையோ முழுவதையோ கழற்றிவிட்டுத் தடை குறைந்த வெளிச்சந்தைக் குழாயை மாட்டும் வேலை இது. பட்டறைப் பேச்சில் ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்பார்கள். அக்ரபோவிச், ரீமஸ் போன்ற இறக்குமதிக் குழாய்த் தொகுதிகளின் விலை பல கார்களுக்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். உள்ளூரில் வளைத்து வெல்டிங் செய்த குழாய் அதில் ஒரு பங்குக்கே கிடைத்துவிடுவதால், பெரும்பாலானோர் அதையே நாடுகிறார்கள். ஐதராபாத்தின் மேற்கில், ஹைடெக் சிட்டியையும் கச்சிபௌலியையும் ஒட்டிக் கிடக்கும் கொண்டாப்பூர், இந்த ஆசை வளர்வதற்கு ஏற்ற இடம். தகவல் தொழில்நுட்பச் சம்பளம், அடுக்குமாடிக் குடியிருப்புகள், சற்றுத் தள்ளி 158 கி.மீ. நீளமுள்ள வெளிவட்டச் சாலை என எல்லாம் இருக்கின்றன. வண்டிப் பதிவுகளைக் கவனிக்கும் போக்குவரத்து அலுவலகம் ஒன்றும் இதே கொண்டாப்பூரில்தான் இருக்கிறது.

சிறிய எஞ்சினும் டர்போவும் இந்தியாவில் பரவியதற்கு வரியும் ஒரு காரணம். 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கார்களுக்கு 2006 பட்ஜெட்டில் உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. எஞ்சினைப் பெரிதாக்க முடியாத நிலையில், உள்ளே போகும் காற்றை அழுத்தித் திணிக்கும் வழி பின்னர் லாபகரமானது. 2013இல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட்டும் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐயும் வந்தன. 2017இல் மாருதி பலேனோ ஆர்எஸ், 2021இல் ஹூண்டாய் ஐ20 என் லைன் எனப் பட்டியல் நீண்டது. வரிவரம்புக்கு வெளியே, 150 பிஎஸ் ஆற்றலுள்ள 1.5 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினோடு டைகுன், விர்டஸ், குஷாக், ஸ்லாவியா ஆகியவை வந்தபின் கார் ஆர்வலர்களின் கண் பெரும்பாலும் அவற்றின் மீதே இருக்கிறது.

டர்போவில் என்ன நடக்கிறது

“கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தால்தான் வண்டி இழுக்கும்” என்ற பேச்சைப் பல பட்டறைகளில் கேட்கலாம். டர்போ இல்லாத எஞ்சினில்கூட இது பாதி உண்மைதான். அங்கே உதவுவது பின்னழுத்தமன்று, குழாயின் விட்டமும் நீளமும். ஒரு சிலிண்டரிலிருந்து வெளியேறும் புகை அலை தன் பின்னால் தாழ்வழுத்தத்தை விட்டுச் செல்கிறது. குழாயின் அளவு பொருந்தி வந்தால் அந்தத் தாழ்வழுத்தம் அடுத்த சிலிண்டரின் மிச்சப் புகையை இழுத்து வெளியேற்றும். குழாயை அளவு மீறிப் பெரிதாக்கினால் புகையின் வேகம் குறைந்து, குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். அதைக் கண்டவர்கள் பின்னழுத்தம்தான் நல்லது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

டர்போ எஞ்சினில் இந்தக் கணக்கு குழாயின் தொடக்கத்திலேயே உடைந்துவிடுகிறது. அலைகள் டர்போவின் புகைப்பக்கச் சக்கரமான டர்பைனின் இறக்கைகளில் மோதிச் சிதைகின்றன. டர்பைனைச் சுழற்றுவது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் விகிதம். எடுத்துக்காட்டாக, முன்பக்கம் 200 கிலோபாஸ்கல், பின்பக்கம் 130 கிலோபாஸ்கல் என்றால் விகிதம் 1.54. பின்பக்கத்தை 115க்குக் குறைத்தால் அதே முன்னழுத்தத்தில் விகிதம் 1.74 ஆகிறது. டர்பைன் சீக்கிரம் வேகம் பிடிக்கும், எஞ்சின் புகையைத் தள்ளப் படும் பாடும் குறையும். ஆகவே டர்பைனுக்குப் பின்னால் தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் லாபம்.

ஆனால் பின்பக்கத் தடையில் பெரும்பங்கு எங்கே இருக்கிறது என்பதில்தான் மலிவு விலைக் குழாயின் குறை தெரியும். இன்றைய கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் டர்போவின் வாயை ஒட்டியே இருக்கிறது. கன்வெர்ட்டர் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியசுக்குச் சூடானால்தான் வேலை செய்யத் தொடங்கும் என்பதால், வண்டி கிளம்பியதும் சூடேற வேண்டும் என்று அங்கே வைக்கிறார்கள். டர்போவையும் அடுத்த குழாயையும் இணைக்கும் அந்தத் துண்டுக்கு டவுன்பைப் என்று பெயர். தடை அங்கேதான் குவிந்திருக்கிறது. மலிவு விலையில் மாற்றப்படுவதோ அதற்குப் பின்னால், ஒலியின் ரீங்காரத்தை அடக்க வைத்திருக்கும் ரெசொனேட்டரும் கடைசிச் சைலன்சரும். ஆற்றல் எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கே சட்டப்படி கைவைக்க முடியாது. கைவைக்கக்கூடிய இடத்தில் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான்.

அந்தச் சிறு லாபமும் கம்ப்யூட்டரைக் கடந்து வர வேண்டும். இன்றைய எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவி, எவ்வளவு இழுவிசை தர வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்து அதற்கேற்ப, புகையை டர்பைனுக்குள் விடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடுகிறது. குழாய் இலகுவானால் அது வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து பழைய இழுவிசையிலேயே நிறுத்திவிடும். உச்ச ஆற்றல் ஏற வேண்டுமானால் அந்தக் கருவியின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்ய வேண்டும். அதற்கு கியர்பாக்சின் எல்லை குறுக்கே நிற்கிறது. ஃபோக்ஸ்வாகனின் 7 கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி பெட்டி 250 நியூட்டன் மீட்டர் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 1.5 டிஎஸ்ஐ எஞ்சின் ஷோரூமிலிருந்து வரும்போதே 250 நியூட்டன் மீட்டர் தருகிறது.

மாற்றத்தால் கிடைத்த லாபத்தை அளப்பதிலும் ஐதராபாத் ஒரு சிக்கல் வைக்கிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் சென்னையைவிடச் சுமார் 6 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத கார் அந்த அளவுக்கு ஆற்றலை இழக்கும். டர்போ கார் சற்றுக் கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டிவிடும். காற்றின் வெப்பநிலையும் அளவை மாற்றும் என்பதால், மே மாத வெயிலில் ஒரு முறையும் டிசம்பர் குளிரில் இன்னொரு முறையும் ஆற்றலை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்த்துவிட்டு, “குழாய் மாற்றியதால் கூடியது” என்று சொல்லும் குதிரைத்திறன் பெரும்பாலும் பருவநிலை கொடுத்தது. ஒரே நாளில், ஒரே பெட்ரோலில், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்த எண்களுக்கு மட்டுமே பொருள் உண்டு.

குழாயும் வெல்டிங்கும்

மலிவில் நல்லதும் உண்டு, வேறுபாடு பொருளிலும் கைவேலையிலும் இருக்கிறது. சாதாரண இரும்புக் குழாய் விலை குறைவு, துருப்பிடிப்பதும் விரைவு. 409 ரகத் துருப்பிடிக்கா எஃகு மேலே பழுப்பேறினாலும் பல ஆண்டு தாங்கும். நிக்கல் கலந்த 304 ரகம் பளபளப்பும் விலையும் கூடியது. கொண்டாப்பூரில் கடற்காற்று இல்லை என்பதால் துருவுக்குப் பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிருந்து ஹைடெக் சிட்டி அலுவலகத்துக்குப் போகும் சில கிலோமீட்டர் ஓட்டத்தில் பின்பக்கச் சைலன்சர் முழுதாகச் சூடேறுவதில்லை. பெட்ரோல் எரிந்து உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து தேங்கிக் குழாயை உள்ளிருந்து அரிக்கும். சைலன்சரின் தாழ்ந்த மூலையில் ஒரு சிறு வடிகால் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்ப்பது நல்லது.

விட்டம் பெரிதாக இருந்தால் போதும் என்பது இன்னொரு மயக்கம். 2 அங்குலக் குழாயிலிருந்து 2.5 அங்குலத்துக்கு மாறினால் குறுக்குப் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. 1.0 லிட்டர் எஞ்சினுக்கு 2 அங்குலமும் 1.5 லிட்டருக்கு அதிகபட்சம் 2.5 அங்குலமும் தாராளம். 3 அங்குலக் குழாய் எடையைக் கூட்டும், தரையிடைவெளியைத் தின்னும், குடியிருப்பு வாசலின் வேகத்தடையில் உரசும். வளைவுகளையும் கவனிக்க வேண்டும். உள்ளே மாண்ட்ரல் வைத்து வளைத்த குழாயின் விட்டம் வளைவிலும் மாறாது. வெறும் அழுத்தத்தில் வளைத்தது நசுங்கி, 2.5 அங்குலத்துக்குக் கொடுத்த பணத்தை அந்த ஓர் இடத்திலேயே வீணாக்கும். இணைப்புகளுக்கு ஆர்கான் வெல்டிங் கேட்டு வாங்குவது வழக்கம்.

மாட்டும்போது குழாய்களை முதலில் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, வண்டியில் தொங்கவிட்டு அளவு சரிபார்த்து, பிறகு இறக்கி முழு வெல்டிங் போடுவதே முறை. அவசரத்தில் காருக்கு அடியிலேயே வெல்டிங் போட நேர்ந்தால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் டேங்க், ஏபிஎஸ் ஒயர், பிளாஸ்டிக் பம்பர் ஆகியவற்றிலிருந்து குழாய் விலகியிருக்க வேண்டும். வெப்பத் தகடுகளை இடைஞ்சல் என்று கழற்றி எறிவது தீ விபத்துக்கு வழி. எஞ்சின் அசைவை வாங்கிக்கொள்ளும் நெளிகுழாயை விட்டுவிட்டு நேராக வெல்டிங் வைத்தால் சில மாதங்களில் எங்காவது விரிசல் விடும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து அளவீட்டைப் பொய்யாக்கும். கசிவை அடைக்க சாதாரண சிலிகான் பசை பூசினால் அதன் ஆவி சென்சாரையே கெடுத்துவிடும். சில நாள் ஓடிச் சூடாகிக் குளிர்ந்த பின் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

சத்தம்

டர்பைனே பாதிச் சைலன்சர். அதனால்தான் டர்போ இல்லாத காரில் காது கிழியும் மாற்றம் இங்கே சகிக்கக்கூடிய உறுமலாக அமைகிறது. தொல்லை வேறு வடிவில் வருகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 2400 சுற்றில் ஓடும்போது வெடிப்பின் அதிர்வெண் 80 ஹெர்ட்ஸ், மூன்று சிலிண்டரில் 60. உச்ச கியரில் வெளிவட்டச் சாலையில் போகும்போது முள் நிற்பது ஏறக்குறைய இந்த இடத்தில்தான். ரெசொனேட்டரை எடுத்துவிட்டால் காருக்குள் இடைவிடாத ‘ம்ம்ம்’ நிறைந்து, அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். கிளைக்குழாய் ஒன்றைப் பக்கவாட்டில் இணைத்து இதை அடக்கலாம் என்பது சரியே. ஆனால் 80 ஹெர்ட்ஸுக்கு அதன் நீளம் ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும், சிறிய ஹேட்ச்பேக்கின் அடியில் அதற்கு இடம் இராது. ரெசொனேட்டரை விட்டுவைத்துக் கடைசிச் சைலன்சரை மட்டும் மாற்றுவதே குறைந்த செலவில் அதிகம் வருந்தாத வழி.

சட்டம்

இந்தியாவில் 9 பேர் வரை அமரும் பயணிகள் காரின் ஒலி, 7.5 மீட்டர் தொலைவில் வைத்த மைக்கில் அளக்கும் ஓட்டச் சோதனையில் 74 டெசிபெலைத் தாண்டக் கூடாது. இது புதிய மாடலுக்கு அனுமதி பெறும்போது நடக்கும் சோதனை. தெருவில் வண்டியை நிறுத்தும் போலீசுக்கு இந்தச் சோதனை தேவைப்படுவதில்லை. சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு விதிகளை மீறிய வாகனத்தை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் போகும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாத பாகங்களை மாட்டிய உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் என்று கணக்கிடுகிறது. உற்பத்தியாளர் அனுமதி பெற்ற மூல வடிவத்திலிருந்து விலகி வண்டியை மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள வழக்கு ஒன்றில் 52ஆம் பிரிவுக்கு விளக்கம் தந்தது. ஐதராபாத்தில் பிடிபட்ட சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றும் படங்கள் செய்தித்தாள்களில் வருவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை புல்லட் பைக்குகளுடையவை. அதை வைத்துக் கார்க்காரர் தப்பித்தோம் என்று எண்ண இடமில்லை.

கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் குற்றத்தின் கனம் கூடுகிறது. பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்து ‘பி0420’ என்ற குறியீட்டோடு எஞ்சின் விளக்கை எரிய வைக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபின் இந்தத் தன்சோதனை இன்னும் நுட்பமாகியிருக்கிறது. சென்சாரைத் தூக்கி வைக்கும் ஸ்பேசர் துண்டு, குறியீட்டை மறைக்கும் மென்பொருள் ஆகியவை விளக்கை அணைக்குமே தவிரப் புகையைச் சுத்தமாக்காது. புகைச் சோதனையில் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பில், கன்வெர்ட்டர் இல்லாத வண்டி தடுமாறும்.

தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு கொண்டாப்பூரில் குடியேறியவர்களுக்கு இன்னொரு கட்டம் வரும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் 47ஆம் பிரிவின்படி அங்கே புதிய பதிவெண் வாங்க வேண்டும். பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, தெலங்கானாவின் வாழ்நாள் வரி ஆகியவற்றோடு வண்டியையும் ஆய்வாளரிடம் காட்ட வேண்டியிருக்கும். அன்று காரின் அடியில் கம்பெனிக் குழாய் இருப்பதே நல்லது. வாரண்டி கேட்டு சர்வீஸ் சென்டருக்குப் போகும் நாளுக்கும், விபத்துக்குப் பின் காப்பீட்டு சர்வேயர் வரும் நாளுக்கும் இதுவே பொருந்தும். அதனால் வெட்டி ஒட்டும் வேலையைத் தவிர்த்து, ஃபிளாஞ்சில் போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும் வகையையே அனுபவசாலிகள் கேட்டு வாங்குகிறார்கள்.

கழற்றிய பழைய பாகங்களைப் பட்டறையில் விட்டுவருவது வழக்கமாகிவிட்டது. கன்வெர்ட்டரின் உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. பழைய கன்வெர்ட்டருக்கென்றே தனிக் கொள்முதல் சந்தை உண்டு, புதிதாக வாங்கப் போனால் விலை மாற்றுக் குழாயையே மிஞ்சிவிடும். “பழசு உங்களுக்கு எதுக்கு சார், இடத்தை அடைக்கும்” என்று பட்டறையில் சொன்னாலும், பரணில் இடம் ஒதுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டிய பாகம் அது.