மலக்குகளும் ஷைத்தான்களும் கேமுக்குள் வந்த வரலாறு



பிள்ளைகளின் போனில் உள்ள கேம்களில் ஷைத்தான், ஜின், மலக்கு எல்லாம் வருவதைப் பார்த்துப் பல வாப்பாமாரும் உம்மாமாரும் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் இதே கவலை நாற்பது வருடத்துக்கு முன் அமெரிக்காவை ஆட்டிப்படைத்தது. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு பேசினால் நமக்கு நல்லது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1974இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து டிஎஸ்ஆர் என்ற சிறு நிறுவனம் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. முதலில் அச்சிட்டது 1000 பெட்டிகள்தான். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தாயக்கட்டை உருட்டுவார்கள். இன்றைய கேம்களில் 'லெவல்' ஏறுவது, எத்தனை அடி தாங்கும் என்று எண்ணுவது எல்லாம் அங்கிருந்து பரவியவை.

அந்த முதல் பெட்டியிலேயே ஜின்னும் இஃப்ரீத்தும் இருந்தன. பிணந்தின்னி 'கூல்' என்பதும் அறபுச் சொல்தான். 1976இல் வந்த ஓர் இணைப்பு நூலில் பேய்த் தலைவர்கள் வந்தார்கள். 1977இல் வந்த மிருகப் பட்டியல் நூலில் நரகத்தின் ஷைத்தான்கள் வரிசையாக வந்தார்கள். மலக்குகளைப் போன்ற விண்ணுலகத்தவருக்கு அப்படியொரு பட்டியல் நூலில் 1983இல்தான் இடம் கிடைத்தது. அப்போதும் 'மலக்கு' என்று பெயரிடவில்லை. ஒரு வகைக்கு 'தேவ' என்ற சமஸ்கிருதச் சொல்லையே வைத்தார்கள். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. சண்டை விளையாட்டுக்கு எதிரி வேண்டும். மலக்கோடு யார் சண்டை பிடிப்பார்?

1979இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 16 வயது மாணவர் ஒருவர் காணாமல் போனார். குடும்பம் அமர்த்திய துப்பறிவாளர் இந்த விளையாட்டைச் சந்தேகித்தார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. மாணவர் உயிரோடு கிடைத்தார். ஆனால் அடுத்த வருடம் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அதே துப்பறிவாளர் 1984இல் எழுதிய நூலில் விளையாட்டு காரணமல்ல என்று தெரிந்தது. அந்தப் பிள்ளை கடும் மனச்சோர்வில் இருந்தார். படிப்பின் அழுத்தமும் போதைப் பழக்கமும் தனிமையும் சேர்ந்திருந்தன. அதற்குள் கதை நாடெங்கும் பரவிவிட்டது. மகனை இழந்த இன்னொரு தாய் 1983இல் இந்த விளையாட்டுக்கு எதிராக இயக்கமே தொடங்கினார். 1985இல் தேசியத் தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. தேவாலயங்களிலும் எச்சரிக்கை கேட்டது.

நிறுவனம் என்ன செய்தது? 1989இல் இரண்டாம் பதிப்பில் பேய், ஷைத்தான் என்ற சொற்களை எடுத்தது. 1991இல் அதே உருவங்களுக்கு 'தனாரி', 'பாடெசு' என்று புதுப் பெயர் சூட்டித் திருப்பிக் கொண்டுவந்தது. 2000இல் மூன்றாம் பதிப்பில் பழைய பெயர்களும் திரும்பின. போராட்டத்தால் மாறியது பெயர்ப்பலகை மட்டும். மனம் நொந்திருந்த பிள்ளைகளை யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன.

ஒன்று: பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் முதலில் பிள்ளையைப் பார்ப்போம். கேமைப் பிறகு பார்க்கலாம். எல்லாவற்றையும் ஜின்னின் தலையில் போட்டுவிட்டு வைத்தியரிடம் போகாமல் இருப்பது நமது ஊர்களிலும் நடக்கிறது.

இரண்டு: அகீதா. அமெரிக்கப் பெற்றோர் பயந்தது பெயர்களுக்கு. நாம் பார்க்க வேண்டியது அந்தக் கதைகள் சொல்லும் கருத்தை. 1996இல் தொடங்கிய 'டியாப்லோ' கேமில் விண்ணுலகமும் நரகமும் சமபலத்தோடு முடிவில்லாமல் மோதுகின்றன. மனித இனமே மலக்கும் பேயும் கூடிப் பிறந்த வழித்தோன்றல் என்கிறது அதன் கதை. 'பைனல் பேன்டசி' தொடரில் இஃப்ரீத்தை அழைத்து உதவி பெறலாம். நமது நம்பிக்கை என்ன? மலக்குகள் ஒளியால் படைக்கப்பட்டவர்கள், அல்லாஹ்வின் கட்டளைக்கு மாறு செய்யாதவர்கள். ஜின்கள் நெருப்பால் படைக்கப்பட்டவர்கள், அவர்களிலும் முஃமின்கள் இருக்கிறார்கள். இப்லீஸ் ஜின் இனத்தவன் என்று ஸூரதுல் கஹ்ப் (18:50) சொல்கிறது. அவன் அல்லாஹ்வுக்குப் போட்டியான சக்தி அல்ல, அவகாசம் கேட்டு வாங்கிய ஒரு படைப்பு. ஸூரதுந் நம்லில் (27:39) வரும் இஃப்ரீத், நபி ஸுலைமான் (அலை) அவர்களின் சபையில் கட்டளைக்குக் காத்து நின்றவன்.

வகுப்பில் கேட்டுப் பாருங்கள். இஃப்ரீத் என்றால் நெருப்பு வீசும், இத்தனை அடி தாங்கும் என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். குர்ஆனில் அவன் எங்கே வருகிறான் என்றால் பலர் முழிக்கிறார்கள். அவர்களுக்கு இஃப்ரீத்தை முதலில் அறிமுகப்படுத்தியது கேம். போனைப் பறித்தாலும் அந்தப் படம் மனதில் இருக்கும். அதன் மேல் சரியான அறிவை வைப்பது வீட்டின் வேலை, மத்ரஸாவின் வேலை, நம்மைப் போன்ற ஆசிரியர்களின் வேலை.

எந்த கேமை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்பதை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அதற்கு முன் இன்று மஃரிபுக்குப் பிறகு பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, "இது யார் மகன்? இவன் என்ன செய்வான்?" என்று கேளுங்கள். அவன் சொல்லி முடிந்ததும் ஸுலைமான் நபியின் கதையைச் சொல்லுங்கள்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் ஈமானையும் மனதையும் பாதுகாப்பானாக. ஆமீன்.