புல்புல்தாராவின் பூர்வீகம்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு புல்புல்தாரா கிடக்கிறது. திருத்தணி ஆடிக் கிருத்திகைக் கடையில் பெரியப்பா வாங்கி வந்தது. அரக்கோணம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். டைப்பில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ். பாட்டு வாத்தியார் என்று ஒருவரிடமும் போனதில்லை. சாயங்காலம் திண்ணையில் அதை மடியில் வைத்துக்கொள்வார். இடது கை கட்டைகளை அழுத்த, வலது கை பிளாஸ்டிக் வில்லையால் கம்பியைத் தட்ட, பழைய சினிமாப் பாட்டு ஒவ்வொன்றாக வரும். கட்டைகளின் மேல் ச, ரி, க என்று எழுதி ஒட்டியிருந்தார். "டைப் அடிக்கிற கைக்கு இது ஒண்ணும் பெரிசில்லடா" என்பார். பெருமைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்கே தெரியாமல் அந்தப் பெட்டியின் பிறப்பு ரகசியத்தைச் சொல்லியிருக்கிறார்.

அது பிறந்தது ஜப்பானில், நகோயா நகரத்தில், 1912இல். செய்தவர் மோரிதா கோரோ. வெளிநாடுகள் சுற்றிவந்தவர், டைப்ரைட்டரின் விசையைப் பார்த்து அதே வேலையைத் தந்தி வாத்தியத்தில் செய்தார். ஜப்பானியரின் மரபு வாத்தியமான கோத்தோவுக்குப் பதின்மூன்று தந்திகள், ஆள் நீளம், குருவிடம் வருஷக்கணக்கில் உட்கார வேண்டும். மோரிதாவின் பெட்டிக்கு அதெல்லாம் வேண்டாம். கட்டைகளில் எண் போட்டிருக்கும். எண்ணைப் பார்த்து அழுத்தினால் பாட்டு. தைஷோ மன்னரின் ஆட்சி தொடங்கிய வருஷம் என்பதால் தைஷோகோத்தோ என்று பெயர் வைத்தார்கள்.

கப்பலேறி இந்தியா வந்ததும் பெயர் மாறியது. வடக்கே புல்புல் தரங். நம் நாக்கில் புல்புல்தாரா. மும்பை ஊர்வலங்களிலும் கவ்வாலிக் குழுக்களிலும் ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டு 'பாஞ்சோ' ஆயிற்று. அந்தப் பெயரில் 2016இல் ரிதேஷ் தேஷ்முக் நடித்த இந்திப் படம்கூட வந்தது. பலுச்சிஸ்தானில் உடம்பு பெருத்து 'பென்ஜு' என்ற மேடை வாத்தியமே ஆகிவிட்டது.

நம் கச்சேரி மேடையில் மட்டும் அது ஏறவில்லை. வித்வான்களைக் குறை சொல்ல முடியாது. கட்டையை அழுத்தினால் சுரம் ஆணி அடித்தாற்போல் நிற்கும், சுரத்தை அசைக்கும் கமகம் கிடையாது. தோடியை இதில் வாசித்தால் தோடிக்கு அவமானம். மோகனம் ஒப்பேறும்.

அந்த மோகனத்தில்தான் ஜப்பான்காரர்கள் நம் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்களுடைய பழைய சினிமா, ரேடியோப் பாட்டுகளில் பல நாலாவது சுரத்தையும் ஏழாவது சுரத்தையும் ஒதுக்கிவிட்ட ஐந்து சுரங்களை நம்பியவை. மத்யமமும் நிஷாதமும் இல்லாவிட்டால் மோகனம்தானே. சாகாமோட்டோ கியூ 1961இல் பாடிய 'உவே ஓ முயிதே அருகோ'வின் முதல் அடியைக் கேளுங்கள், கை தானாக மோகனத்தைத் தேடும். கண்ணீர் கீழே விழாமலிருக்க அண்ணாந்து பார்த்து நடக்கிறவனின் பாட்டு. அந்தப் பெயர் வாயில் நுழையாது என்று மேல்நாட்டுக் கம்பெனிக்காரர்கள் 'சுக்கியாக்கி' என்று விற்றார்கள். சுக்கியாக்கி என்பது ஒரு மாட்டுக்கறிப் பதார்த்தம்! ஒப்பாரிக்குக் கறிக்குழம்பு என்று பெயர் வைத்த மாதிரி. இருந்தும் 1963 ஜூனில் அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 பேர் மாண்ட விமான விபத்தில் சாகாமோட்டோவும் போனார். வயது 43. அவர் பிறந்த கவாசாகியில், கெய்க்யூ ரயில் நிலையத்தில் வண்டி வருவதற்கு முன் இந்த மெட்டைத்தான் ஒலிக்கவிடுகிறார்கள். அரக்கோணம் ஜங்ஷனில் வளர்ந்த எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இம்மாதிரிப் பாட்டுகளைத் தைஷோகோத்தோவில் வாசிக்கவென்றே ஜப்பானியப் பெரியவர்கள் இன்றும் குழுவாகக் கூடுகிறார்கள். அறுபதுக்கு மேல் கற்கத் தொடங்குகிறவர்களும் உண்டு. நம் ஊரிலோ அதைத் திருவிழா பொம்மை என்று முடிவுகட்டிப் பரணில் ஏற்றிவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். துருப்பிடித்த கம்பியைக் கழற்றிப் புதுக் கம்பி கட்டுங்கள். வீட்டுப் பெரியவர் மடியில் வைத்துவிட்டு, தள்ளி உட்காருங்கள்.