எழுத்துருக்களின் மூலக்கோப்புகள்: சித்தூர், திருப்பதி இருமொழிச் சூழலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

1911இல் அமைக்கப்பட்ட சித்தூர் மாவட்டமும், அதன் ஒரு பகுதியைக் கொண்டு 2022இல் உருவான திருப்பதி மாவட்டமும் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அருகருகே வழங்கிவரும் நிலப்பகுதிகளாகும். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகளைத் தேவஸ்தானம் 1930களில் தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை; வடசொற்கள் வருமிடத்துக் கிரந்த எழுத்துகள் விரவிவருகின்றன. இத்தகைய மூலங்களைக் கணினிவழிப் பதிப்பிப்போர்க்கு எழுத்துரு வெறும் கருவியன்று; சான்றைத் தாங்கும் கலமுமாகும். திறந்த உரிம எழுத்துருக்களின் மூலக்கோப்புகள் வளர்ந்த முறையையும் அவற்றைப் பேணவேண்டிய காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மூலமும் விளைபொருளும்

பயனர் கணினியில் நிறுவும் கோப்பு முடிவுற்ற விளைபொருள். வடிவமைப்பாளர் வரைந்து திருத்தும் கோப்பே மூலம். பெரும்பாலும் முப்படி வளைவுகளால் வரையப்படும் எழுத்துகள், ட்ரூடைப் வடிவம் பெறும்போது இருபடி வளைவுகளாகத் தோராயப்படுத்தப்படுகின்றன. தனித்தனியே வரையப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று படிந்த கோடுகள் ஒரே வரையாக இணைக்கப்படுகின்றன. வழிகாட்டிக் கோடுகளும் வடிவமைப்பாளரின் குறிப்புகளும் நீங்கிவிடுகின்றன. எனவே, விளைபொருளினின்று மூலத்தை முழுமையாக மீட்டெடுத்தல் இயலாது.

3. மூலவடிவங்களின் வளர்ச்சி

ஜார்ஜ் வில்லியம்ஸ் 2000இல் வெளியிட்ட மென்பொருள் 2004இல் ஃபாண்ட்ஃபோர்ஜ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதன் எஸ்எஃப்டி வடிவம், எழுத்துரு முழுவதையும் ஒரே உரைக்கோப்பில் அடக்குவது. எரிக் வான் பிளாக்லாண்ட், யுஸ்ட் வான் ராசம், டால் லெமிங் ஆகியோர் உருவாக்கிய யுஎஃப்ஓ வடிவம் இதனின் வேறுபட்டது. அது ஒரு கோப்புறை. ஒவ்வோர் எழுத்து வடிவும் தனிக்கோப்பாகவும், எழுத்திடைவெளி, கூட்டெழுத்து விதிகள், பொதுத்தகவல் ஆகியன வெவ்வேறு கோப்புகளாகவும் அதனுள் அமையும். ழகரத்தை ஒருவர் திருத்தினால் அக்கோப்பு மட்டுமே மாறும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவேட்டில் தெளிவுறும். பாடவேறுபாடுகளைக் குறித்துப் பழகிய பதிப்பாசிரியர்க்கு இம்முறை புதியதன்று.

ரெட் ஹாட் நிறுவனம் வெளியிட்ட லோகித் எழுத்துருத் தொகுதியில் தமிழும் தெலுங்கும் இடம்பெற்றன. 2011இல் அது திறந்த எழுத்துரு உரிமத்திற்கு மாறியது. பின்னர் மேற்கொள்ளப்பட்ட சீரமைப்பில், கூட்டெழுத்து விதிகள் தனி உரைக்கோப்பாகப் பிரிக்கப்பட்டு, வடிவுகளின் பெயர்களும் ஒழுங்குபடுத்தப்பட்டன. பிடிஎஃப் ஆவணத்திலிருந்து உரையைப் பிழையின்றி மீட்க இப்பெயர்கள் துணைசெய்வதால், சொற்றொகுதி திரட்டும் மொழியியலார்க்கு இச்சீரமைப்பு நேரடிப் பயனுடையது. எக் டைப் குழுவினரின் பலூ தொகுதியில் தமிழ் எழுத்துரு 'தம்பி' என்றும் தெலுங்கு எழுத்துரு 'தம்முடு' என்றும் உறவுமுறைப் பெயர் பெற்றமை இங்கு நினைக்கத்தக்கது.

4. ஓர் எழுத்தின் சான்று

பழந்தெலுங்குக் கல்வெட்டுகளில் தமிழ் ழகரத்திற்கு இணையானதோர் எழுத்து வழங்கிற்று. அது ஒருங்குறியின் 7.0 பதிப்பில், 2014இல்தான் இடம்பெற்றது. திருக்காளத்தியோடு தொடர்புடைய புலவர் தூர்ஜடியின் பெயர் தாங்கிய தெலுங்கு எழுத்துரு 2013இல் புருஷோத் குமார் குத்துலாவால் வடிவமைக்கப்பட்டு, சிலிகான் ஆந்திரா அமைப்பால் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டது. இவ்வெழுத்தின் ஒருங்குறி இடத்திற்கு அது ஓராண்டு முந்தியது. இத்தகைய எழுத்துருக்களில் விடுபட்ட எழுத்தை அதே கோட்டுத்தடிப்பும் வளைவும் அமையச் சேர்க்க மூலக்கோப்பு வேண்டும். அஃதின்றேல், பதிப்பாசிரியர் ளகர எழுத்தை இட்டு நிரப்ப நேரும். ழகர, ளகர வேறுபாடு அச்சில் மறையும். அப்பதிப்பை நம்பி எழுதப்படும் ஒலி வரலாறும் மொழிபெயர்ப்பும் பிழைபடும்.

5. முடிவுரை

2005இல் வெளிவந்த திறந்த எழுத்துரு உரிமம் திருத்தவும் பகிரவும் இசைவளிக்கிறது. ஆயினும் மூலக்கோப்பை வெளியிடுமாறு கட்டாயப்படுத்துவதில்லை. திருத்தும் உரிமை இருந்தும் திருத்தும் வழி இல்லாதுபோகும் நிலை இதனால் நேர்கிறது. ஆகவே, எழுத்துருப் பணிக்கு நிதியளிக்கும் நிறுவனங்கள் மூலக்கோப்புகள், விதிக்கோப்பு, ஆக்கமுறைக் குறிப்பு, உரிம உரை, மாற்றப் பதிவேடு ஆகியவற்றை ஒரே கோப்புறையில் ஒப்படைக்குமாறு ஒப்பந்தத்திலேயே வரையறுத்தல் வேண்டும். இருமொழிக் கல்வெட்டுகள் மிகுந்த இவ்விரு மாவட்டங்களின் பதிப்புப்பணி இதனால் உறுதிபெறும்.